படத்தின் ஓரத்தில் ஒரு பெருவிரல்

போன மாதம் பினாங்கில் ஒரு ஹோட்டல் வாசலில் எனக்குக் குளிர்ந்த துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். சுருட்டி, மூங்கில் தட்டில் வைத்து, இடுக்கியால் எடுத்து. எலுமிச்சைப்புல் வாசனை. முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டுமாம். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். இரட்டைக் கதவு, அதன் மேல் இரும்புக் கிராதி, வலப்பக்கத் தூணில் கைவண்டிச் சக்கரம் உரசி உரசிக் குழிந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பூசி மூடாமல் விட்டிருந்தார்கள். போதாததற்கு அதன் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கும் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்கு விளக்குப் போடுகிற இடத்தில் வேறு என்னென்ன செய்வார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இது என் மகள் கொடுத்த பரிசு. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக இரண்டு நாள் தங்கல், காலை உணவு, வழிகாட்டியோடு ஒரு நடை. "நீங்க பொறந்த ஊருதானேப்பா, ஒரு தடவ டூரிஸ்ட்டா போயிட்டு வாங்களேன்" என்றாள். நான் பிறந்தது பினாங்குத் தீவில் இல்லை, எதிர்க்கரையில், பாகான் டாலாமில். அவளைப் போலக் கோலாலம்பூரில் பிறந்தவர்களுக்குத் தீவும் கரையும் ஒன்றுதான். ஹோட்டலின் பெயரை வைத்து எனக்கு எதுவும் தெரியவில்லை. கதவைப் பார்த்துத்தான் தெரிந்தது. அது பழைய கிட்டங்கி.

அந்த வாசலில் எனக்குப் பழக்கமான வாசனை வேறு. கொப்பரை, ரப்பர் ஷீட்டின் புகை, ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய் அடுப்பில் பொரியும் கருவாடு, எல்லாவற்றுக்கும் அடியில் ஆண்களின் வியர்வை. கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் கூடம். பினாங்கில் சரக்கு இறக்கிய ஆட்களையும் அதே மாதிரி கூடத்தில்தான் அடுக்கினார்கள். கப்பலேறி வந்த தமிழ் ஆண்கள், ஒரு கூடத்தில் நாற்பது பேர், ஐம்பது பேர். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். பெட்டி இருக்கும் இடம்தான் முகவரி. தபால்காரர் வாசலில் நின்று "ஜன்னல்கிட்ட மூணாவது பொட்டி!" என்று கூவினால் ஆள் எழுந்து வருவார்.

பொற்காலத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடம் நாறியது. மழை பெய்தால் ஓட்டிலிருந்து ஒழுகியது. கழிவறைக்கு வரிசை நின்றது. அதை நினைத்து உருகுகிறவர்கள் அங்கே ஒரு நாள்கூடத் தங்காதவர்கள். எனக்குக் கொடுத்த அறையின் பெயர் 'ஸ்டீவடோர் ஸ்வீட்'. கப்பலில் மூட்டை தூக்கியவனின் பெயரில் ஓர் அறை. அந்த அறைக்கு என் மூட்டையைத் தூக்கிவர வாசலில் ஒரு மணி. கட்டிலின் காலடியில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தேன். தலையணைகள்.

மறுநாள் காலை நடை. வழிகாட்டி தினேஷ் என்ற இளைஞர். நல்ல குரல், நல்ல ஆங்கிலம், காதுக்கருகில் ஒலிவாங்கி. எங்கள் குழுவில் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி, பெரிய கேமராவோடு ஒரு ஜெர்மானியர், சிங்கப்பூரிலிருந்து ஓர் அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு தொழில் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: அங்கே தொழில் முடிந்துபோயிருக்க வேண்டும். சங்கு ஊதக் கூடாது, புகை வரக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கோடு யாரும் எதிரே வந்துவிடக் கூடாது. வேலை செய்தவர்கள் சுவரில் ஓவியமாக நிற்க வேண்டும். தினேஷ் எங்களைச் சரியான இடங்களுக்குத்தான் கூட்டிப்போனார். ஈயக் கட்டிகள் கப்பலேறிய துறைமேடையில் ஐஸ்கிரீம் விற்றார்கள். ரப்பர் கிடங்கில் மெழுகுவர்த்தி விற்றார்கள். ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் ஒரு வாசனை. எதிலும் ரப்பர் வாசனை இல்லை.

பினாங்கில் தொழில் இன்னும் நடக்கத்தான் செய்கிறது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கின்றன. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டாக்சிக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அவர்களைப் படம் எடுக்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. இன்னும் ஐம்பது வருடம் பொறுக்க வேண்டும்.

ஒரு சந்தில், சுவரில் ஆளுயர மூட்டைதூக்கி வரையப்பட்டிருந்தார். முதுகில் மூட்டை, குனிந்த தலை. மூட்டையின் ஒரு மூலைக்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றால், நீங்களும் சேர்ந்து தூக்குவதுபோல் படம் வரும். அதற்கு ஒரு வரிசை. சிங்கப்பூர் அப்பா போய் நின்றார். "ஃபேஸ்ல கொஞ்சம் கஷ்டம் காட்டுங்க சார்" என்றார் தினேஷ். அவர் காட்டினார். போதவில்லை. மனைவி மறுபடி எடுத்தாள். ஏழாவது தடவையில் கஷ்டம் சரியாக வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் எதிர்ப்புற நடைபாதையில் நின்று, உலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் மடையர்கள் என்று தெரிந்த மனிதனின் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை நான் வைத்துக்கொள்ள முடிந்தது இன்னும் கால் மணி நேரம்தான்.

நடை எங்கள் ஹோட்டல் கூடத்திலேயே முடிந்தது. உள்சுவரில், முந்தின நாள் நான் சாவி வாங்கிய இடத்துக்குப் பின்னால், கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. தகரப் பெட்டியின் மேல் ஒரு மனிதர். ஒட்டிய கன்னம், மடியில் இரண்டு கை, பின்னால் வெறும் கூடம். அதன் கீழே கண்ணாடிப் பேழைக்குள் அசல் படம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்தில் மங்கிப்போன ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டு.

தினேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கிட்டங்கியின் கடைசி ஆள் இவர். எல்லோரும் போய்விட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. போவதற்கு யாரும் இல்லை. கன்னத்தைப் பாருங்கள், அது பசி. அப்புறம் பத்திரிகைத் துண்டின் மொழிபெயர்ப்பை வாசித்தார். 'கடல் அலைகளைத் தவிர அவருக்கு உறவில்லை.' ஆஸ்திரேலிய அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போது இடது மூலையைப் பாருங்கள்" என்றார் தினேஷ்.

படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு கால் விரல் இருந்தது. முன்பாதமும் பெருவிரலும், அவ்வளவுதான். பத்திரிகையில் வந்த படத்தில் இந்தக் கால் இல்லை என்றார் தினேஷ். ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் குனிந்து ஒப்பிட்டார்கள். அதே படம்தான், ஆனால் அதில் கால் இல்லை, இதில் இருக்கிறது. "எப்படி?" என்று கேட்டு நிறுத்தினார். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டன. இந்தக் கூடத்தில் செத்துப்போன ஒரு கூட்டாளி, நண்பனைத் தனியே விடாமல் கூடவே நின்றிருக்கிறான் என்று முடித்தார். ஜெர்மானியர் அந்த மூலையை மட்டும் நான்கு படம் எடுத்தார். கத்தரி என்று ஒரு கருவி உலகத்தில் இருப்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் தினேஷிடம் சொன்னேன். "தம்பி, அது பேய் இல்ல."

"தெரியும் அங்கிள். ஆனா அதைத்தான்லா எல்லாரும் ஃபோட்டோ எடுக்குறாங்க." சிரித்தார். "கதையும் செம்ம ஃபீலிங். யாரோ பழைய பேப்பர்காரன். பேருகூடப் போடல, நமது நிருபர்னு இருக்கு. ஆனா எழுதியிருக்கான் பாருங்க!"

நாற்பது வருடத்தில் எனக்கு வந்த முதல் வாசகர் பாராட்டு அது.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஒரு தமிழ் நாளிதழின் பினாங்கு நிருபர். அலுவலகம் என்று ஒன்றும் கிடையாது; காலைச் செய்திகளைச் சேகரித்துக்கொண்டு பிற்பகல் ஃபெரியில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போவேன். ஃபெரியிலேயே எழுதுவேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த, பக்கமெல்லாம் திறந்த, கீழ்த்தட்டில் கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக் கிளம்புகிற பழைய ஃபெரி. கரை சேர்வதற்குள் ஒரு செய்தியை எழுதி முடித்துவிடலாம். காற்று அடித்தால் இரண்டு. பட்டர்வொர்த் ஸ்டேஷனில் பழுப்பு உறையை ரயில் கார்டிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் கோலாலம்பூரில் எங்கள் ஆள் வாங்கிக்கொள்வார். படங்களும் அப்படித்தான் போகும். படத்தின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் எல்லாம் எழுதிவிட வேண்டும்: யார், எங்கே, எத்தனை பத்தி அகலம், எந்தப் பக்கத்தை வெட்டுவது.

தீபாவளி மலருக்கு ஒரு மாதம் முன்னால் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். மலரில் ஒரு சிரிப்பு, ஒரு பக்தி, ஒரு கண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் விதி. "சிரிப்பு இருக்கு. பக்தியும் இருக்கு. கண்ணீர் பினாங்கிலிருந்து அனுப்பு" என்றார், ஏதோ ஜாதிக்காய் ஊறுகாய் கேட்பதுபோல.

துறைமுக வேலை கண்டெய்னரோடு எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். அந்தக் கிட்டங்கியை விற்றுவிட்டார்கள். உள்ளே பன்னிரண்டு பேர் மீதி இருந்தார்கள். பட்டர்வொர்த்தில் ஸ்டூடியோ வைத்திருந்த நண்பனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கப்பல் இல்லாத ஒரு வாரநாள் பிற்பகல். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், சத்தமாக, சந்தோஷமாக. கண்ணீருக்கு அது உதவாது.

நான் சின்னையா என்பவரைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு மீசை நன்றாக இருந்தது.

"மத்தவங்க கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே. ஒரு ஆள் போதும்."

"ஏன் தம்பி, நாங்கள்லாம் செத்துட்டமா?" என்று கேட்டார் அந்தோணி. துறைமேடையில் ஈயக் கட்டி விழுந்து இடது கால் பெருவிரல் நசுங்கிய மனிதர். விரல் வெளிப்பக்கம் திரும்பி, நகமில்லாமல் இருக்கும்.

"தனியா இருக்குற மாதிரி வேணும்ணே."

"தனியாவா? இந்த எடத்துல ஒண்ணுக்குக்கூடத் தனியா போக முடியாதுலா!"

கூடமே சிரித்தது. சின்னையாவும் சிரித்தார். சிரித்தபோது வரிசையான பல் தெரிந்தது, செட்டுப் பல். "அதைக் கொஞ்சம் கழட்டிட்டா நல்லா இருக்கும்ணே" என்றேன். "யாருக்கு நல்லா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கன்னம் உள்ளே போனது. அதுதான் தினேஷின் பசி. பதினோரு பேர் சுவரோரம் நின்று, "சிரிக்காத சின்னையா, மூஞ்சிய தொங்கப்போடு, ஒம் பொண்டாட்டி வர்றான்னு நெனச்சுக்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் படம் எடுத்தேன்.

சின்னையாவுக்குப் பொண்டாட்டி இருந்தார், மகன் இருந்தான், எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் வீடு இருந்தது; அடுத்த மாதமே அங்கே போய்விட்டார். என் குறிப்பேட்டில் அவர் பெயர் ஒன்றைத்தான் எழுதிக்கொண்டேன். படத்தைக் கழுவி எடுத்தபோது மூலையில் ஒரு கால் வந்திருந்தது. யாருடைய கால் என்று பார்த்ததும் தெரிந்தது. நீலப் பென்சிலை எடுத்து வேண்டியதை எழுதினேன். அப்புறம் அலை, உறவு, கண்ணீர். இருபத்துநான்கு வயதில் அப்படி எழுதுகிறவனை அந்த அலையிலேயே தள்ளிவிட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆசிரியர் கடிதம் போட்டார்: 'பிரமாதம்.'

ஆகவே, சுவர் மூட்டைக்குத் தோள் கொடுத்த அந்தச் சிங்கப்பூர் அப்பாவை நான் இனி ஒன்றும் சொல்ல முடியாது. அவராவது தன் முகத்தில்தான் கஷ்டம் காட்டினார்.

இப்படி நான் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாண்ணே? தொடைக்கணும்." ஹோட்டல் சீருடையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், கையில் துணியும் தெளிப்பானும். நெஞ்சில் பெயர்ப்பட்டை: பிலோமினா. தள்ளி நின்றேன். கண்ணாடியை மேலிருந்து கீழே நீண்ட இழுப்புகளாகத் துடைத்துக்கொண்டு வந்தார். இடது கீழ் மூலைக்கு வந்ததும் துணியைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால், விரல் நுனியில் இரண்டு தடவை துடைத்தார். அந்த மாதிரிச் சின்ன விஷயங்களைப் பார்ப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

"அங்க மட்டும் ரெண்டு தடவ தொடைக்கிறீங்களே" என்றேன்.

"பேயில்ல? நல்லா தொடைக்கணும்" என்றார். திரும்பி, நான் தமிழ்க்காரன் என்று பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "பேயாம். தெனைக்கும் கேக்குறேன். பேயி இல்லலாண்ணே, அது எங்கப்பா காலு."

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர் அவர். மைக்ராஸ்கோப்பில் குனிந்து சில்லுகளைச் சோதிக்கும் வேலை. "மயிரிழை கோணலா இருந்தாலும் ரிஜெக்ட்டு. இந்தக் கண்ணுக்கு எங்கப்பா வெரலு தெரியாமப் போயிருமா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வருவாரு, பாகான் டாலாமுக்கு. அந்தக் காலுக்கு எண்ணெய் தேச்சு விடுறது நான்தான்." வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்த படம், சாவைப் பதிந்தபோது அட்டையோடு போய்விட்டது. "இருக்குறது இந்தக் காலு ஒண்ணுதான். அதையும் அடுத்த வாரம் வெட்டப்போறாங்க."

"யாரு?"

"மேனேஜரு. யாரோ ஒரு கெஸ்ட்டுக்குப் பயத்துல தூக்கம் வரலையாம். மூலைய வெட்டிட்டு வேற பிரிண்ட்டு போடச் சொல்லியாச்சு. எங்கப்பாதான்னு சொன்னேன். எப்படி நிச்சயமாத் தெரியும்னு கேக்குது."

அந்த இடத்தில் நான் ஒரு தலையாட்டலோடு என் 'ஸ்டீவடோர் ஸ்வீட்'டுக்குப் போயிருக்கலாம். நிருபர்களுக்கு அது கைவந்த கலை. ஏன் போகவில்லை என்று எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது.

"ஒங்கப்பா பேரு அந்தோணிதானே?" என்றேன்.

துணி நின்றது.

"அந்தப் படத்த எடுத்தது நான்தான்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். சோதித்து ரிஜெக்ட் செய்து பழகிய பார்வை. "அப்ப எங்கப்பாவத் தள்ளி நிக்கச் சொன்ன பேப்பர்காரப் பயலு நீங்கதானா? சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு. ஒரு பேப்பர்காரப் பய என்னத் தள்ளி நிக்கச் சொன்னான், நான் விடுவனா, அவன் குனிஞ்சு பாக்குற நேரம் பாத்து ஒரு கால உள்ள வச்சிட்டேன்னு." சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மலரு வந்ததும் வாங்கிட்டு வந்தாரு. எங்கள எல்லாம் கூப்புட்டு ஒக்கார வச்சு, இந்தா பாருங்க அப்பா காலுன்னு விரிச்சாரு. இல்ல. கேமராவுல விழலன்னு நெனச்சுக்கிட்டாரு. கடைசி வரைக்கும்."

இத்தனை வருடம் அந்தக் கால் தவறி விழுந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"நாளைக்குக் காலையில மேனேஜர் வரும். நீங்க எடுத்த படந்தானே, வெட்டக் கூடாதுன்னு நீங்க சொன்னா கேக்கும்" என்றார் பிலோமினா. "சொல்றீங்களாண்ணே?"

மேனேஜர் முப்பது வயதுச் சீனப் பெண், மரியாதையானவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் படத்தை எடுத்ததற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நெகட்டிவ்? ஸ்டூடியோ நண்பன் போய்ச் சேர்ந்து பல வருடம். பத்திரிகை அலுவலகம்? பத்திரிகையே மூடிவிட்டது, பழைய பிரதிகளை லாரியில் அள்ளிப்போனார்கள். ஹோட்டலுக்கு இந்தப் படம் வந்தது ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, பெட்டியோடு. 'நமது நிருபர்' என்பது யாராகவும் இருக்கலாம். மேனேஜர் வருத்தத்தோடு கைகளை விரித்தார்.

ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் பிலோமினா பேசிக்கொண்டிருந்தபோதே தெரியும். கண்ணாடிப் பேழைக்குள், இரண்டடி தூரத்தில், முகம் மேலாகக் கிடந்தது. அதைத் திருப்பினால் படம் எடுத்தவன் நான் என்று நிரூபணமாகும். வேறொன்றும் கூடவே நிரூபணமாகும். பிலோமினா கதவருகில் துணியோடு நின்றிருந்தார்.

"அசலைத் திருப்பிப் பாருங்கள்" என்றேன். "நீலப் பென்சிலில் தமிழில் எழுதியிருக்கும். என் கையெழுத்து. இங்கேயே எழுதிக் காட்டுகிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்."

மேனேஜர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். நான் வியர்வைச் சட்டைக்குள் செருகி ஃபெரியில் கொண்டுபோன படத்துக்குக் கையுறை. பேழையைத் திறந்து, திருப்பினார். நீலப் பென்சில் கொஞ்சம்கூட மங்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பிலோமினாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

பிலோமினா முதலில் தமிழில், மெதுவாக, சத்தமாக வாசித்தார். "'சின்னையா, கிட்டங்கியின் கடைசி ஆள். மூன்று பத்தி. இடது மூலையில் கால்.'" நிறுத்தினார். அடுத்த சொல்லை அவர் வாசிக்கவில்லை. அது 'வெட்டவும்'. கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

என்னைப் பார்த்தார். கேமராவில் விழாமல் போகவில்லை, அவர் அப்பாவின் கால். விழுந்ததை எடுத்து வெளியே போட்டது யார் என்று இப்போது அவருக்குத் தெரியும். நான் தரையைப் பார்க்கவில்லை; அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் மேனேஜர்.

பிலோமினா மலாயில் சொன்னார். அவர்கள் இருவரும் அந்த மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். "இடது பக்கத்துக் கால். ஜாங்கான் போத்தோங்."

வெட்டாதே என்று அர்த்தம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தில் 'இடது மூலையில் கால்' என்று எழுதிக் காட்டினேன். அதற்கு மேல் எழுதவில்லை. கையெழுத்து பொருந்தியது. படம் எடுத்தவரே அப்போதே இப்படிக் கேட்டிருக்கிறார் என்றால் வெட்டுவது சரியில்லை என்று மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். கீழே வைக்கும் பலகையையும் மாற்றி எழுதிவிடலாம், பேய் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் போட்டுவிடலாம் என்றார். என் வாழ்க்கையில் ஒரு செய்தியை இவ்வளவு சுத்தமாகப் பொய்யாக்கி இவ்வளவு சரியாக வெளியிட்டு நான் பார்த்ததில்லை. நாற்பது வருடம் செய்தி ஆசிரியர்களோடு வேலை செய்தவன் சொல்கிறேன்.

அன்று பிற்பகல் பட்டர்வொர்த்தில் எனக்கு ரயில். பிலோமினாவுக்கு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரம். ஒரே ஃபெரியில் போனோம். புது ஃபெரி. கார் ஏற்றுவதில்லை. கண்ணாடி மூடிய கூடம், குளிர்காற்று, வரிசையாக நாற்காலிகள், ஒரு தொலைக்காட்சி. உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்க்கரைக் கிரேன்கள் கிட்டே வந்துவிடுகின்றன.

பிலோமினா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஒரு கோடு பத்தாதா?"

நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஹோட்டலின் சலவைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, மடியில் வைத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்களை எழுதினார். தொழிற்சாலையில் பழகிய கை. எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக விழுந்தன.

"பேரு குடுக்கச் சொல்லியிருக்கு. சொல்லுங்க. நீங்க பேப்பர்காரரு, எல்லாம் எழுதி வச்சிருப்பீங்க."

சின்னையா என்றேன். அந்தோணியை அவரே எழுதிக்கொண்டார். சமையல் பார்த்தவர் ஆறுமுகம். சீட்டாட்டத்தில் எப்போதும் அழுகுணி ஆட்டம் ஆடுபவரைச் சிலோன் என்று கூப்பிடுவார்கள். "அது பட்டப்பேரு" என்றார் பிலோமினா. "நெசப் பேரு?" தெரியாது. சிலோன் என்றே எழுதினார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெள்ளை முண்டா பனியன் நினைவுக்கு வந்தது, ஒரு கரகரத்த குரல், காதில் கடுக்கன் போட்ட ஒருவர், ஒம் பொண்டாட்டி வர்றான்னு நெனச்சுக்க என்று சொன்ன ஒருவர். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஜன்னல் பக்கம், தூண் பக்கம் என்று ஆளுக்கொரு பெட்டி இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், சத்தமாகப் பேசுகிற மனிதர்கள்.

"இன்னும் எட்டு" என்றார் பிலோமினா.

பழைய ஃபெரியாக இருந்தால் இன்னும் பாதித் தூரம்கூட வந்திருக்காது. இஞ்சின் சத்தம் இறங்கியது. ஆட்கள் எழுந்து கதவுப்பக்கம் வரிசை பிடித்தார்கள். அவர் எழவில்லை. ஐந்து என்ற எண்ணுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பட்டர்வொர்த் வந்துவிட்டது.